சந்திலேயே பத்திரமான வீடு

எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறப்பதற்கென்றே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இருந்தது. ஃப்ரிட்ஜுக்கு முன்னால் எப்போதும் வாசல் பார்த்து நிற்கும். அதைப் போட்டுக்கொண்டு கைப்பிடியைத் தொட்டால் குளிர்ந்த தண்ணீர் கிடைக்கும். போடாமல் தொட்டால் ஞானம் கிடைக்கும்.

"பாக்னே! இன்னைக்கும் என்னைத் தூக்கி அடிச்சிடுச்சு!"

"சின்ன ஷாக்தானே பூனே. நரம்புக்கு நல்லது."

"அப்ப நீங்க வந்து ரெண்டு தடவை தொடுங்க. உங்களுக்குத்தான் நரம்பெல்லாம் தூங்கிக் கெடக்கு."

பாக்னே என்றால் பிள்ளையின் அப்பா. பூனே என்றால் பிள்ளையின் அம்மா. பிள்ளை கல்யாணம் செய்துகொண்டு சுரபாயாவுக்குப் போய்விட்டான். பட்டத்தை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டான். என் மனைவியின் சொந்தப் பெயர் லஸ்திரி. ஆனால் பூனே என்பதுதான் அவளுக்குப் பொருத்தம். சத்தமே இல்லாமல் நடப்பாள். எப்போது பாய்வாள் என்று மட்டும் தெரியாது.

நான் வாகிமான். செமாராங் பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கியில் பேசுவது என் உத்தியோகம். "பயணிகள் கவனத்திற்கு, படியில் நிற்காதீர்கள், உடைமைகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று நாள் முழுவதும் ஊருக்கே ஜாக்கிரதை சொல்லிவிட்டு வீட்டுக்கு வருகிறவன். வரும்போது ஜாக்கிரதை தீர்ந்து போயிருக்கும்.

ஆகவே வீடு கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருந்தது. வாசலில் மூன்று படி. நடுப்படி உடைந்து ஆடும். எங்களுக்குப் பழக்கம், தாண்டிவிடுவோம். பழக்கமில்லாத விற்பனையாளர்களை அந்தப் படியே திருப்பி அனுப்பிவிடும். கூடத்தில் ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதில் ஒரு பிளக், அதன் தலையில் இன்னொன்று, அதன் தோளில் மற்றொன்று என்று சர்க்கஸ்காரர்கள் மாதிரி நின்றுகொண்டிருக்கும். மின்குக்கரில் சோறு வேக ஆரம்பித்தால் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிற பெண் கறுத்துப் போவாள். குளியலறைத் தரையில் பாசி. நோன்பு மாதத்தில் லஸ்திரி அங்கே வழுக்கி விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டாள். நான் உடனே ஓடிப்போய்த் தைலம் வாங்கி வந்தேன். "குளியலறைக்குச் செல்லும் பயணிகள் கவனத்திற்கு" என்று என் உத்தியோகக் குரலில் எச்சரிக்கையும் செய்தேன். ஒரு கணவன் வேறென்ன செய்ய முடியும்?

"தரையைத் தேய்ச்சு விடலாம்" என்றாள் அவள்.

"நாளைக்கு."

"எந்த நாளைக்கு?"

"இன்னைக்கு அடுத்தது."

அவள் அதற்கப்புறம் கேட்கவில்லை. கேட்பதை அவள் நிறுத்தியபோதே நான் பயந்திருக்க வேண்டும். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆகஸ்ட் வந்தது. ஆகஸ்ட் வந்தால் எங்கள் சந்து ஒரு நிலையில் இருக்காது. சுதந்திர நாளுக்காகச் சிவப்பும் வெள்ளையுமாக எங்கள் நாட்டுக் கொடி கட்டுவார்கள். சாக்கு ஓட்டம், எண்ணெய் தடவிய கம்பத்தில் ஏறுவது, கயிற்றில் தொங்கும் அப்பளத்தைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடித்துத் தின்பது என்று எல்லாப் போட்டியும் நடக்கும். எல்லாவற்றிலும் நான் கலந்துகொள்வேன். எல்லாவற்றிலும் எதிர்வீட்டு தார்சோனோ ஜெயிப்பார். போன வருஷம் அப்பளப் போட்டியில் நான் இரண்டாவது கடி கடிப்பதற்குள் அவர் கயிற்றையே தின்ன ஆரம்பித்துவிட்டார். கடவுள் அவருக்கு அப்படி ஒரு வாயைக் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து வாசலில் பார்க்கும்போதெல்லாம், "பாக் வாகிமான், அப்பளம் வேணுமா?" என்று, பெயருக்கு முன்னால் பாக் போட்டு மரியாதையாகவே கேட்பார்.

ஒரு சாயங்காலம் லஸ்திரி பெண்களின் மாதச் சீட்டுக் கூட்டம் முடிந்து வந்தாள். கறுப்புக் காப்பியை என் முன்னால் வைத்தாள். நான் கேட்காமலே வாழைப்பழம் பொரித்துக் கொண்டுவந்தாள்.

"இந்த வருஷம் புதுசா ஒரு போட்டி, பாக்னே. எங்க சீட்டுக் குழு நடத்துது. 'பத்திரமான வீடு'. எந்த வீட்டுல ஆபத்து இல்லையோ அந்த வீட்டுக்காரருக்கு முதல் பரிசு. தங்கக் கலர்ல கோப்பை."

"கோப்பையா?"

"இத்தாம் பெருசு. ஆனா நீங்க கலந்துக்க வேணாம்."

வாழைப்பழம் தொண்டையில் நின்றது. "ஏன் வேணாம்?"

"உங்களால முடியாது. பாக் தார்சோனோ பேர் குடுத்துட்டாராம். இபு ரத்மி சொன்னா. வாசல் விளக்கை இன்னைக்கே மாத்திட்டாராம்."

இபு என்றால் திருமதி. ரத்மி, தார்சோனோவின் மனைவி. பொய் சொல்லத் தெரியாத முகம். நான் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். எதிர்வீட்டில் தார்சோனோ நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். அவர் தலைக்கு மேல் புது விளக்கு. நிலா மாதிரி, ஆனால் திமிர் பிடித்த நிலா.

"என் பேரையும் குடு" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க. ரொம்ப வேலை."

"பூனே! நான் பஸ் நிலையத்துல எத்தனை ஆயிரம் உயிரைக் காப்பாத்தறவன்!"

"மைக்லதானே?"

"குடு பேரை!"

அவள் பெருமூச்சு விட்டாள். எனக்காக வருத்தப்படுகிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை குளியலறையில் இறங்கினேன். பிளீச்சிங் பவுடரும் தேங்காய் மட்டையும் என் ஆயுதங்கள். அந்தப் பாசி எங்களுக்கு முன்பே அந்த வீட்டில் குடியிருந்திருக்க வேண்டும், லேசில் காலி செய்யவில்லை. தேய்த்தேன், தேய்த்தேன், இடுப்பு பிடித்துக்கொள்ளும்வரை தேய்த்தேன். கடைசியில் அடியிலிருந்து நீல நிறத் தரை எட்டிப் பார்த்தது.

"நம்ம குளியலறை நீலமா?" என்று லஸ்திரி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ பாக்னே, இவ்வளவு திறமையை இத்தனை வருஷமா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

நான் சும்மா இருந்தேன். திறமைசாலிகள் பேசுவதில்லை. இடுப்பும் அப்போது பேசுகிற நிலையில் இல்லை.

அடுத்தது படி. சிமென்ட் குழைத்து நடுப்படியை உயிர்ப்பித்தேன். பிறகு மெயினை அணைத்துவிட்டு, பிளக் சர்க்கஸைக் கலைத்து, சுவரில் புதிதாக இரண்டு பாயின்ட் வைத்தேன். அதோடு ஃப்ரிட்ஜுக்கு எர்த் கம்பி இழுத்து, கொல்லையில் ஈரமான மண்ணில் ஆழமாகப் புதைத்தேன். மெயினைப் போட்டேன். டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். அதன் விளக்கு எரியவில்லை. செருப்பை உதறினேன். வெறுங்காலோடு, பிஸ்மில்லா சொல்லி, கைப்பிடியைப் பிடித்தேன்.

ஒன்றும் ஆகவில்லை.

"பூனே! வா! வெறுங்காலோட வா!"

அவள் தூரத்திலேயே நின்றாள். "நீங்க இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிட்டு இருங்க. சிலது மெதுவாத்தான் அடிக்கும்."

பிடித்துக்கொண்டே நின்றேன். அவள் வந்தாள், ஒரு விரலால் தொட்டாள், அப்புறம் உள்ளங்கையால் தொட்டாள். அப்புறம் கதவைத் திறந்து மூடினாள், திறந்து மூடினாள். அவள் கண் கலங்கியது போல இருந்தது. வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை.

எரிவாயுதான் பாக்கி. பச்சைச் சிலிண்டர், அதிலிருந்து அடுப்புக்குப் போகிற ட்யூப். அதை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கட்சி. பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

"பாக் தார்சோனோ மாத்திட்டாராம்."

"அவருக்குக் காசு அதிகம்."

"சோப்பு நுரை தடவிப் பார்த்தாராம். ஒண்ணுமே இல்லையாம். இருந்தும் மாத்திட்டாராம்."

"நுரை தடவினா என்ன? நானும் தடவறேன். நம்மளோடது அவரோடதை விட நல்லா இருக்கும் பாரு."

பாத்திரம் கழுவுகிற சோப்பைக் கரைத்து, பஞ்சில் தோய்த்து ட்யூபின் மேல் தடவினேன். லஸ்திரி டார்ச் பிடித்தாள். நுரை சும்மா கிடந்தது. "பாத்தியா?" என்றேன். சொல்லி முடிப்பதற்குள், ரெகுலேட்டருக்குக் கீழே ஒரு சின்னக் கொப்புளம் எழுந்தது. உடைந்தது. இன்னொன்று எழுந்தது. பக்கத்தில் வேறொன்று. மீன் மூச்சு விடுவது போல.

அந்த அடுப்பில்தான் அவள் காலையில் முட்டை பொரித்திருந்தாள். அதன் பக்கத்தில் நின்றுதான் நான் கிராம்பு சிகரெட் பற்றவைப்பது வழக்கம்.

ரெகுலேட்டரைக் கழற்றினேன். ஜன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்தேன். சிலிண்டரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லையில் வெட்டவெளியில் வைத்தேன். சட்டைப்பையில் இருந்த தீப்பெட்டியை எடுத்து வேறு மூலையில் தள்ளி வைத்தேன். அதை அவள் பார்த்தாள். கிண்டல் செய்யவில்லை. அன்று மத்தியானம் முனைக்கடையில் பொட்டலச் சோறு வாங்கி, கொல்லையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். சாயங்காலம் நல்ல ட்யூபும் புது வாஷரும் வாங்கி வந்து மாட்டினேன். மறுபடி நுரை தடவினேன். கொப்புளம் இல்லை. இன்னொரு தடவை தடவினேன். அதற்கும் மேல் ஒரு தடவை. கோப்பைக்காக இல்லை.

"இப்ப போதும் பாக்னே" என்று என் தோளைத் தொட்டாள்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஜெயிக்கிற வெறி வந்துவிட்டது எனக்கு. வெறி வந்தவனுக்கு வழிகாட்ட அவளும் இருந்தாள்.

"சமையலறைச் சுவருக்கு வெள்ளையடிச்சா நல்லா இருக்கும்."

"வெள்ளையடிக்கிறது எப்படிப் பாதுகாப்பாகும்?"

"கறுத்த சுவர்ல பல்லி உட்கார்ந்தா தெரியாது. தெரியாம கையை வெச்சா பயந்துடுவோம். பயந்தா வழுக்கி விழுவோம். விழுந்தா எலும்பு முறியும்."

யோசித்துப் பார்த்தேன். சங்கிலியில் எங்கேயும் ஓட்டை இல்லை. வெள்ளையடித்தேன். இதே மாதிரி ஆராய்ந்ததில், கிழிந்த கொசுவலையும், கிறீச்சிடும் கதவும், கொல்லையில் கிடந்த என் பழைய மோட்டார் சைக்கிள் உதிரிகளும் உயிருக்கு ஆபத்தானவை என்று தெரியவந்தது. உதிரிகளைப் பழைய சாமான்காரன் கொண்டுபோனபோது மட்டும் நெஞ்சு வலித்தது. எதிர்வீட்டு வாசலிலும் தார்சோனோவின் பழைய பறவைக் கூண்டுகளை அவன் ஏற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் வலி போய்விட்டது.

நடுவர் வந்தாள். இபு சுகேசி என்று பெயர், கீழ்த்தெருக்காரி. ஆள் நல்ல கனம். தலையில் வெள்ளைத் தலைக்கவசம், கழுத்தில் விசில். பாதுகாப்பு விஷயத்தில் பெரிய ஆள் என்று லஸ்திரி காதில் கிசுகிசுத்தாள். தலைக்கவசத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் ஒலிபெருக்கிக் குரலை எடுத்தேன். "மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, முதலாவதாக நீங்கள் காண்பது எங்கள் நடுப்படி."

அவள் நடுப்படியில் ஏறி நின்று இரண்டு குதி குதித்தாள். சந்தில் கட்டியிருந்த கொடிகள் ஆடின. படி ஆடவில்லை. குளியலறைக்குள் போய் ஈரத் தரையில் காலைத் தேய்த்து வழுக்கிப் பார்த்தாள். வழுக்க முடியவில்லை. ஏமாற்றத்தோடு வெளியே வந்தாள். ஃப்ரிட்ஜ் முன்னால் நின்று என்னைப் பார்த்து, "செருப்பு?" என்றாள்.

"இந்த வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை" என்றேன் கம்பீரமாக.

அவள் லஸ்திரியைப் பார்த்தாள். லஸ்திரி கூரையைப் பார்த்தாள். எங்கள் வீட்டுச் செருப்பைப் பற்றிக் கீழ்த்தெரு நடுவருக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணவன் அப்போது யோசித்திருக்க வேண்டும். நான் ஃப்ரிட்ஜைத் திறந்து நடுவருக்கு மல்லிகைத் தேநீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

போகும்போது அவள் விசிலை நீளமாக ஊதினாள். "இந்த மாதிரி வீட்டை நான் பார்த்ததே இல்லை" என்றாள்.

அடுத்த சீட்டுக் கூட்டத்திலிருந்து லஸ்திரி திரும்பியபோது, பாத்திக் துணியில் சுற்றி எதையோ அணைத்துக்கொண்டு வந்தாள். துணியை விலக்கினாள். தங்கக் கலர். இரண்டு காது. அடியில் 'பத்திரமான வீடு: முதல் பரிசு'.

நான் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்தேன். எங்கேயும் தடுக்கவில்லை. தடுக்கி விழ எதுவுமே நான் மிச்சம் வைக்கவில்லையே!

"வெளிய காட்டிடாதீங்க பாக்னே. கண்ணு படும்."

"தார்சோனோ கண்ணு மட்டும் படட்டுமே."

"வேணாம்னு சொன்னா வேணாம்."

சில நாள் அடக்கிக்கொண்டேன். அப்பளத்தை நினைத்தபோது அடங்கவில்லை. சுத்தியல் கடன் கேட்கிற சாக்கில் எதிர்வீட்டுக்குப் போனேன். பேச்சுவாக்கில் கோப்பையைப் பற்றி எடுத்துவிடுவது திட்டம். கதவு திறந்திருந்தது. உள்ளே தொலைக்காட்சிப் பெட்டியின் மேல், தங்கக் கலரில், இரண்டு காதுகளோடு ஒன்று மின்னியது.

என்னைப் பார்த்ததும் தார்சோனோ பாய்ந்துபோய் அதன் மேல் தன் துண்டைப் போட்டார். முகம் சிவந்துவிட்டது. "என்ன பாக்? என்ன வேணும் பாக்?"

"ஒண்ணும் வேணாம்" என்றேன். சுத்தியல் வாங்காமலே வந்துவிட்டேன். கையில் சுத்தியல் இல்லாததும் ஒருவகையில் நல்லதுதான்.

"பூனே! எதிர்வீட்டுலயும் கோப்பை! அதே கோப்பை! அந்த சுகேசி யாரு? உண்மையைச் சொல்லு!"

"கத்தாதீங்க. சுகேசி கீழ்த்தெருவுல மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் கடை வெச்சிருக்கா."

"ஹெல்மெட் கடையா? அவ பாதுகாப்புல பெரிய ஆளா?"

"பின்ன? அவளை விட அதிகமா தலையைக் காப்பாத்தறவ யாரு இருக்கா?"

"அது கெடக்கட்டும்! தார்சோனோவுக்கு எதுக்கு முதல் பரிசு?"

லஸ்திரி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"உங்ககிட்ட மட்டும் சொல்றேன். சத்தியமா வெளிய விடக்கூடாது. பாவம், அவருக்கு ரத்தக் கொதிப்பு."

"யாருக்கு? தார்சோனோவுக்கா?"

"தோத்துட்டார்னு தெரிஞ்சா தாங்க மாட்டார்னு ரத்மி அழுதா. என்ன செய்யறது? ஆறுதலுக்கு அவருக்கும் ஒண்ணு குடுத்தோம். ஆனா நிஜமா ஜெயிச்சது நீங்கதான். நடுவர் சொன்னதைக் கேட்டீங்கல்ல? இந்த மாதிரி வீட்டைப் பார்த்ததே இல்லைன்னு?"

கேட்டிருந்தேன். என் காதாலேயே கேட்டிருந்தேன். என் கோபம் அப்படியே கரைந்தது. அந்தத் துண்டைப் போட்ட அவசரம், அந்தச் சிவந்த முகம்! பாவம் மனுஷன். அவ்வளவு பெரிய வாயை வைத்துக்கொண்டு உள்ளே எத்தனை கஷ்டம்!

"கவலைப்படாதே பூனே. நான் பெருந்தன்மையா நடந்துக்கறேன்."

"உங்களுக்கு அதைச் சொல்லித்தரவா வேணும்?" என்று சமையலறைக்குள் போனாள். அங்கே எதற்கோ இருமினாள். நீளமான இருமல்.

மறுநாள் சாயங்காலம் ஒரு தட்டு நிறையப் பொரித்த வாழைப்பழத்தோடு எதிர்வீட்டுக்குப் போனேன். ஜெயித்தவன்தான் இறங்கிப் போக வேண்டும். போகும்போதே என் முகத்தில் கருணை வழிவது எனக்கே தெரிந்தது.

தார்சோனோ ஓடி வந்து தட்டை வாங்கிக்கொண்டார். என் முழங்கையைப் பிடித்து மெதுவாக நடத்திக்கொண்டுபோய் நல்ல நாற்காலியில் உட்காரவைத்தார். மின்விசிறியை என் பக்கம் திருப்பினார். ஆளே மாறிப்போயிருந்தார். உண்மையான வெற்றிக்கு இப்படி ஒரு மரியாதை தானாகவே வரும்.

"பாக் வாகிமான், உங்க வீடு ரொம்ப அருமை. உங்களுக்குப் பரிசு கிடைச்சதுல எனக்கு நிஜமாவே சந்தோஷம்."

"உங்களுக்கும்தான் பாக்" என்றேன், அவர் மனம் நோகாமல்.

"அப்பளத்தைப் பத்திக் கிண்டல் பண்ணதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க."

"அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன் பாக்."

அவர் என் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். கண்ணில் ஈரம்.

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

"என்ன மாத்திரை?"

"ரத்மி எங்கிட்ட மட்டும்தான் சொன்னா. வெளிய விடமாட்டேன், பயப்படாதீங்க. உப்பைக் குறைச்சுக்கங்க பாக். எதையும் மனசுல போட்டுக்காதீங்க. ரத்தக் கொதிப்பு பொல்லாதது."

எனக்கு அதுவரை ரத்தக் கொதிப்பு இருந்ததே இல்லை. அந்த நிமிஷம் வந்தது.